எண்ணெய் ஊற்றாத சட்டி

அந்த வீட்டில் பளபளவென்று இருந்தது பன்றி ஒன்றுதான்.

மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரன் பொன்சியானோவின் உதடு வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி வெடித்தது. அவன் பெண்சாதி பெரெபெத்துவாவின் புறங்கையில் நகத்தால் கோடு இழுத்தால் பலகையில் சாக்பீஸ் மாதிரி அப்படியே நின்றது. வேர்க்கடலை இடிக்கிற மர உரல் கவிழ்ந்து கிடந்தது. பொன்சியானோ காலையில் அதன் மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டினான். கொல்லையிலிருந்த அவகாடோ மரத்துக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்குக் காய்த்துத் தள்ளியது. அவகாடோவில் கொழுப்பு இருக்கிறதாம். ஆகவே அத்தனையும் பன்றிக்கு. பன்றி தின்றது, புரண்டது, மழையில் நனைந்து எழுந்தால் அதன் முதுகில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மசாக்கா சந்தைக்குப் போகிறவர்கள் வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, "அப்படி என்னதாம்மா போடுறீங்க இதுக்கு?" என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுச் சாப்பாடுதான்" என்பாள் பெரெபெத்துவா. அதில் பொய் எதுவும் இல்லை.

பொன்சியானோ தச்சன். கட்டில் செய்வான், சவப்பெட்டி செய்வான். இரண்டுக்கும் ஒரே அளவுநாடாதான் என்று தானே சொல்லித் தானே சிரிப்பான். கோயில் பாடற்குழுவில் அடிக்குரல் அவனுடையது. அவன் அடித்தொண்டையில் 'ஆமென்' பிடித்தால் பெஞ்சு அதிரும், சின்னக் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். ஜூன் மாதம் மறைசாட்சிகள் திருநாளில் அப்படிப் பிடித்த ஒரு ஆமென்னின் நடுவிலேயே அவனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, மேளக்காரன் மடியில் போய் உட்கார்ந்தான்.

மருமகன் கலூலி பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் அதிகாரி. மாமனாருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தான். மறுநாள் வீட்டுக்கு வந்து, பெண் கொடுத்தவர் முன்னால் உட்காரவேண்டிய முறைப்படி பாயில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்துல கொழுப்பு கொஞ்சம் கூடியிருக்கு. ரோட்டோரக் கடையில திரும்பத் திரும்பக் காயவச்ச எண்ணெயில பொரிக்கிறாங்கல்ல, சமோசா அது இதுன்னு, அந்த எண்ணெய மட்டும்—"

"எண்ணெயா?"

"ஆமா மாமா. அதக் கொஞ்சம்—"

"விட்டாச்சு."

"இல்ல மாமா, எல்லா எண்ணெயும்—"

"எல்லாத்தையும் விட்டாச்சு மாப்பிள்ளை. என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நான் ஒண்ண விட்டேன்னா விட்டதுதான்."

மாமனார் பேச்சை மறித்துப் பேசுகிற மருமகன் அந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. கலூலி மிச்ச வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அது அவன் வயிற்றிலேயே கிடந்தது.

அன்றைக்கே வீட்டிலிருந்த எண்ணெய்ப் புட்டி வெளியே போனது. சாயங்காலம் வேர்க்கடலை போனது. மறுவாரம் பாலில் ஏடு போனது, ஏரிமீனில் கொழுப்பு என்று மீன் போனது. ரம்பத்துக்கு எண்ணெய் போடுவதையும் நிறுத்தினான். அதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் விளங்கவில்லை. ரம்பம் மரத்துக்குள் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருகுகிற கோழி மாதிரி கத்தியது.

பெரெபெத்துவாவுக்கு முதலில் இது ஒரு மாசத்து விளையாட்டு என்று நினைப்பு. தவக்காலத்தில் பீடி விட்டவன், உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடியுமுன்னே பற்றவைத்தவன்தானே. ஆனால் ஆடிக்காற்று போய், வெயில் போய், மழை வந்தும் அவன் மாறவில்லை. ஒரு அண்டா வாழைக்காயை இலையில் கட்டி அவித்து மசித்து வைத்தால் மலை மாதிரி தின்றான், சர்க்கரை போட்ட தேத்தண்ணீரை மேலே ஊற்றினான், ஒரு நாழிகை போவதற்குள் "என்ன இருக்கு?" என்று வந்து நின்றான். இருக்கிறதைக் கொடுத்தால் எரிந்து விழுந்தான். குளிக்கும்போது பாடுகிற வழக்கம் நின்றுபோனது. செப்டம்பரில், நெட்டையான ஒரு வாத்தியார் இறந்துபோய், அவருக்குப் பெட்டி செய்தபோது அளவெடுத்ததை மறந்து கண்ணுக்குப் பட்டபடி அறுத்துவிட்டான். வாத்தியார் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் கல்லறைக்குப் போனார். அதற்குப் பிறகு ஊரில் சாகிறவர்கள் மசாக்கா டவுனில் பெட்டி வாங்க ஆரம்பித்தார்கள்.

பெரெபெத்துவாவுக்குப் பயம் வந்தது அப்போதுதான். இந்த மனுஷன் என் கண் முன்னாலேயே காய்ந்து, உலர்ந்து, ஒருநாள் தன் பட்டறைச் சிராயோடு சேர்ந்து பறந்துவிடுவான் என்று நினைத்தாள். கொழுப்பே இல்லாமல் ஒரு மனுஷன் இருக்கலாமா கூடாதா என்று ஒரே ஒரு ஆளைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்த ஆள்தான் மருமகன். மருமகனோடுதான் அவள் பேச முடியாது.

மாமியாரும் மருமகனும் முகத்தோடு முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒருவர் நிழல் ஒருவர் மேல் பட்டாலும் வயசான காலத்தில் கைநடுக்கம் வரும். கலூலியின் மோட்டார் சைக்கிள் சத்தம் மேட்டில் கேட்டாலே பெரெபெத்துவா சமைக்கிறதைப் போட்டுவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் போய்விடுவாள். மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மருமகனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வண்டிச் சத்தமும், பாயில் பதிந்து கிடக்கிற இரண்டு முட்டி அடையாளமும்தான்.

ஆகவே நாத்தனார் மகிதலேனாவைத் தூது அனுப்பினாள். மகிதலேனா பொன்சியானோவுக்கு மூத்தவள், புருஷன் போனபிறகு பக்கத்து மனையில் தனியாக இருந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தனிமை தாங்காமல் தம்பி வீட்டுக்கு வருகிறவள்.

"மதினி, இந்த ஒரே கேள்விதான். கொழுப்பே இல்லாம ஒரு மனுஷன் உசுரோட இருக்கலாமான்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டு வாங்க."

மகிதலேனா காலையில் போனவள் பொழுது சாய வந்தாள். உதடு மினுமினு என்றிருந்தது.

"கேட்டீங்களா மதினி?"

"கேட்டேன். தங்கமான புள்ளடி. முட்டிக்கு மாத்திரை குடுத்தாரு, தைலம் குடுத்தாரு. உன் மக வேர்க்கடலைக் கொழம்பு வச்சிருந்தா. என்னா ருசிங்கிற!"

"நான் கேக்கச் சொன்னது?"

மகிதலேனா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, வாசலைப் பார்த்து, பன்றியைப் பார்த்து யோசித்தாள்.

"என்னடி கேக்கச் சொன்ன?"

"மதினி!"

"என்ன ஏண்டி அதட்டுற? அஞ்சு மாசமா எண்ணெய் காட்டாம சோறு போட்டுட்டு, இப்ப ஞாபகம் இல்லைங்கிறியே. அது இருந்தாத்தானே இது இருக்கும்?"

நவம்பர் மழை வலுத்ததும் வெட்டுக்கிளி இறங்கியது.

வருஷத்தில் அந்த ஒரு மாதம் மசாக்கா ஆட்கள் வானத்தைத்தான் பார்ப்பார்கள். டவுனுக்கு வெளியே மேட்டில் தகரத்தை வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, கீழே டிரம் வைத்து, மேலே கண் கூசுகிற விளக்கு போடுவார்கள். பச்சைப் புல்லைப் புகைய விடுவார்கள். விளக்குக்கு வருகிற பூச்சி புகையில் மயங்கித் தகரத்தில் மோதி வழுக்கி டிரம்முக்குள் விழும். விடியும்போது சாக்குச் சாக்காகச் சந்தைக்கு வந்துவிடும். சாக்கின் மேல் காது வைத்தால் தூரத்து மழை மாதிரி ஒரு சத்தம்.

பெரெபெத்துவா வருஷா வருஷம் அதை வாங்கி, ஆய்ந்து, வறுத்து விற்பவள். வெளிச்சம் வந்ததும் மகிதலேனாவும் அவளும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு பூச்சியாக எடுத்து, இறக்கை, கால், கொம்பு மூன்றையும் ஒரே இழுப்பில் பிடுங்கவேண்டும். சாம்பல் இல்லாவிட்டால் விரல் பிசுபிசுத்து, இறக்கை விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். இறக்கை மலை ஒரு பக்கம், பூச்சி பேசினில் ஒரு பக்கம். மகிதலேனாவுக்கு இறக்கை பிடுங்கும்போது நாக்கும் சேர்ந்து ஓடும்.

"முந்தியெல்லாம் பொம்பள பொறுக்கிக் குடுத்தா, புருஷங்காரன் தின்னுட்டு வாய் தொடச்சிட்டு நேரா ஜவுளிக்கடைக்குப் போவான். புதுக் கோமேசி உடுப்பு எடுத்துக் குடுத்தாத்தான் அடுத்த பேசின். இப்ப உன் புருஷன் என்ன குடுக்கான்?"

"புத்திமதி."

"அதக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போக முடியுமாடி?"

வறுக்கிற வாசம் பட்டறை வரைக்கும் போனது. பொன்சியானோ ரம்பத்தை வைத்துவிட்டு வந்தான். சமையல் குடிசை வாசலில் நின்றான். உள்ளே அவன் வந்ததில்லை. ஆண்பிள்ளை அடுப்படிக்குள் கால் வைத்தால் ஊர் சிரிக்கும். வாசலில் நின்றபடியே மூக்கை மட்டும் உள்ளே அனுப்பினான்.

"எண்ணெய் ஊத்துனியா?"

பெரெபெத்துவா சட்டியைப் பார்த்தாள். சட்டியில் வெட்டுக்கிளிகள் தங்கள் எண்ணெயிலேயே பொன் நிறமாக நீந்திக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து அவள் வெட்டுக்கிளிக்கு எண்ணெய் ஊற்றியதில்லை, யாருமே ஊற்றுவதில்லை. வறுத்த பிறகு மிஞ்சுகிற எண்ணெயை வடிப்பதற்குத்தான் பாத்திரம் வேண்டும்.

"ஒரு சொட்டு ஊத்தல" என்றாள்.

"சத்தியமா?"

"மாதா சத்தியமா ஊத்தலங்க."

பொன்சியானோ அதற்கும் மேலே போய் மருமகனுக்குப் போன் போட்டான். ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்பிள்ளை, வெட்டுக்கிளி தின்னலாமா?"

கலூலி பிறந்தது வெட்டுக்கிளிக் குலம். வெட்டுக்கிளி அவனுக்குக் கூடப்பிறந்த மாதிரி. தின்ன மாட்டான், தொட மாட்டான், வறுக்கிற வீட்டு வாசலில் நிற்கக்கூட மாட்டான். நவம்பரில் சந்தை வழியாகப் போகவேண்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு துக்கவீட்டைக் கடக்கிற மாதிரி கடப்பான்.

"மாமா... அவங்களப் பத்தி என்கிட்டக் கேக்கிறீங்களே."

"வறுக்கிறதுக்கு எண்ணெய் ஊத்துறதில்லையாம். காஞ்ச சட்டி. உங்க அத்தை சத்தியம் பண்றா."

"எண்ணெய் இல்லைன்னா... தின்னா ஒண்ணும் பண்ணாது மாமா. ஆனா எனக்கு—"

"போதும்" என்று போனை வைத்தான் பொன்சியானோ.

இப்படியாக, அடுப்படிக்குள் போகாத ஒருவன் கேட்க, சட்டிப் பக்கமே தலை வைக்காத ஒருவன் உத்தரவு கொடுத்தான். பெரெபெத்துவா அன்றைக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். மறுநாள் அவனே பேசினைக் கொண்டுவந்து நீட்டினான்.

நவம்பர் நடுவில் அவன் உதடு ஆறியது. ராத்திரி எழுந்து வாழைக்காய் தேடுவதில்லை. ஒரு கட்டிலுக்கு அளவெடுத்தான், எடுத்ததை ஞாபகம் வைத்திருந்தான், கட்டில் நான்கு காலிலும் நின்றது. ஒருநாள் காலையில் பெரெபெத்துவா இறக்கை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது குளியல் மறைப்பிலிருந்து அடிக்குரலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு அது பாட்டாயிற்று. அவள் கையிலிருந்த வெட்டுக்கிளி, இறக்கையோடு, பறந்தே போய்விட்டது.

"அழுறியாடி?" என்றாள் மகிதலேனா.

"சாம்பல் கண்ணுல பட்டுருச்சு மதினி."

அத்தோடு நின்றிருந்தால் கதை இல்லை. உடம்பு தேறியதும் பொன்சியானோவுக்கு ஞானம் வந்துவிட்டது. எண்ணெயை விட்டதன் பலன் இப்போதுதான் கைகூடியிருக்கிறது, நல்லது மெதுவாகத்தான் வரும் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஒரு கட்டில் வாங்க வந்தவன் பிரசங்கம் முடிவதற்குள் பாய் போதும் என்று போய்விட்டான். பங்குச் சாமியாருக்கும் விஷயம் போனது. மாசக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் சுகாதார நாள். கலூலி வந்து எல்லாருக்கும் ரத்தம் பார்ப்பான், பேசுவான். பொன்சியானோ சாட்சி சொல்வான்.

"சாட்சி மட்டும் இல்ல" என்றான் வீட்டுக்கு வந்து. "ஜனங்க முன்னாடி நானே வறுத்துக் காட்டப் போறேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம எப்படி ருசியாத் திங்கலாம்னு ஊரே பார்க்கட்டும்."

பெரெபெத்துவாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"நீங்களா? வறுக்கவா?"

"ஏன், ரம்பம் பிடிக்கிற கை கரண்டி பிடிக்காதா?"

"ஊர் சிரிக்கும்ங்க. நான் இங்கயே வறுத்துக் கட்டிக் குடுத்துடுறேன். நீங்க எடுத்து நீட்டுனாப் போதும்."

"வறுத்ததக் கொண்டு போனா வீட்டுல எண்ணெய் ஊத்துனேன்னு சொல்லுவானுங்க. பச்சையாக் கொண்டு போறோம். சட்டியக் கவுத்துக் காட்டுறோம்."

அன்று சாயங்காலம் இரண்டு பெண்களும் வேலியோரம் நின்று குசுகுசுத்தார்கள்.

"அடுப்பு பத்தாத மாதிரி கரிய நனைச்சு வச்சிடவா மதினி?"

"சாமியார் வீட்டுல காஞ்ச கரி இருக்கும்."

"அப்ப நானே உண்மையச் சொல்லிடவா?"

"சொல்லு. இதுவும் எண்ணெய்தான்னு சொல்லு. அந்த நிமிஷமே விட்டாச்சும்பான். அப்புறம் அடுத்த பெட்டி அவனுக்கே தேவைப்படும். அதையும் குட்டையாத்தான் செஞ்சு வச்சிட்டுப் போவான்."

பெரெபெத்துவா சொல்லவில்லை. சனிக்கிழமை முழுதும் இறக்கை பிடுங்கினாள். ஒவ்வொரு பூச்சியின் வயிறும் கொழுகொழுவென்று விரலில் தட்டுப்பட்டது. ஒல்லியானதாகப் பார்த்துப் பொறுக்கினாள். அந்த வருஷம் ஒல்லி வெட்டுக்கிளி என்று ஒன்று வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கோயில் முற்றத்துச் செம்மண்ணில் துணிப்பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் மேசை போட்டுக் கலூலி. அவன் இருந்ததால் பெரெபெத்துவா பந்தலுக்குப் பின்னால், தொங்குதுணியின் மறைவில், வெட்டுக்கிளி பேசினோடு உட்கார்ந்துகொண்டாள். துணியில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகப் புருஷனும் அடுப்பும் தெரிந்தார்கள்.

பொன்சியானோ கோட்டு போட்டிருந்தான். சட்டியை எடுத்துத் தலைக்கு மேல் கவிழ்த்தான். உபதேசியாரைக் கூப்பிட்டு அவருடைய வெள்ளைக் கைக்குட்டையால் சட்டியின் உள்ளே துடைக்கச் சொன்னான். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. கூட்டம் கைதட்டியது.

"ஜூன் மாசம் நான் விழுந்தத எல்லாரும் பார்த்தீங்க" என்று ஆரம்பித்தான். "இன்னைக்கு நிக்கிறதையும் பாருங்க. நடுவுல என்ன நடந்துச்சு? ஒரு சொட்டு கொழுப்பு இந்த வாயில போகல!"

வெட்டுக்கிளியைச் சட்டியில் கொட்டினான். மரத்தை இழைக்கிற மாதிரி கரண்டியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தான். முதலில் ஆவி எழும்பியது. பிறகு சலசலப்பு. பிறகு சத்தம் மாறியது. பந்தலுக்குப் பின்னால் பெரெபெத்துவா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"தண்ணி விடுது" என்றான் பொன்சியானோ, சட்டிக்குள் பார்த்து.

"தண்ணி மினுக்குதே?" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி.

"மழைக்காலத்துத் தண்ணி."

"தண்ணியில போட்ட பூச்சி செவக்குமாப்பா?"

உபதேசியார் எழுந்து வந்து கைக்குட்டையின் ஒரு முனையைச் சட்டியில் தோய்த்துத் தூக்கிப் பிடித்தார். துணி கண்ணாடி மாதிரியாகி, அந்தப் பக்கத்துக் கோபுரம் இந்தப் பக்கம் தெரிந்தது. யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். யாரோ ஒருத்தி, "இந்த எண்ணெயில எங்க வீட்டுக்கு ஒரு வாரம் தாளிக்கலாம்" என்றாள். அப்புறம் பந்தலே சிரித்தது. சாமியார் வேறு பக்கம் திரும்பி இருமினார், தோள் மட்டும் குலுங்கியது.

பொன்சியானோ சிரிக்கவில்லை. சட்டியைப் பார்த்தான், கவிழ்த்துக் காட்டிய தன் கையைப் பார்த்தான். வெட்டுக்கிளிகள் கால் முழம் எண்ணெயில் சந்தோஷமாகப் பொரிந்துகொண்டிருந்தன. காது வரைக்கும் அவனுக்கு ரத்தம் ஏறியது. கரண்டியைக் கீழே வைத்தான். பெரெபெத்துவாவுக்கு அவன் முதுகு விறைப்பது கிழிசல் வழியாகவே தெரிந்தது. அந்த முதுகை அவள் அறிவாள்.

"சரி" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "தெரியாம தின்னுட்டேன். இன்னையிலேருந்து இதையும் விட்டா—"

"விடாதீங்க!"

பந்தல் துணி விலகியது. பெரெபெத்துவா இடுப்பில் கட்டியிருந்த கச்சையை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு, முன்னால் எது இருக்கிறது என்று தெரியாமல், ஒரு நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். நின்றது மருமகன் மேசைக்கு நேர் எதிரே. கூட்டம் 'ஐயோ' என்றது. எண்ணெயை எல்லாரும் மறந்தார்கள். மாமியார் மருமகன் முன்னால் நிற்கிறாள்!

"மாப்பிள்ளை" என்றாள் துணிக்குள்ளிருந்து. "எனக்குக் கை நடுங்குனா நடுங்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மனுஷன் கொழுப்பு தின்னாச் சாவாரா, திங்காட்டிச் சாவாரா?"

கலூலி நாற்காலியை விட்டு எழுந்து, மண்ணில் முட்டிபோட்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். முகத்தை மாமியார் பக்கமிருந்து திருப்பி, சாமியாரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வைத்துக்கொண்டான். மூடிய கண்ணோடு.

"திங்காட்டித்தான் அத்தை" என்றான்.

பொன்சியானோ வாயைத் திறந்தான். பெண்சாதி மருமகனோடு பேசிவிட்ட அதிர்ச்சியில் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கலூலிக்கு அது தெரிந்திருக்கவேண்டும். மாதக்கணக்காக வயிற்றில் கிடந்த வாக்கியம் அணை உடைத்துக்கொண்டு வந்தது.

"ரோட்டோரத்துப் பழைய எண்ணெயக் கொறைங்கன்னுதான் நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்! கொழுப்பு இல்லாம உடம்பு ஓடாது அத்தை. கீரையிலயும் பூசணியிலயும் கண்ணுக்குச் சத்து இருக்கு, அது கொழுப்புலதான் கரையும். எண்ணெய் படாமத் தின்னா, உள்ள போய்ச் சுத்திப் பார்த்துட்டு வந்த வழியே கிளம்பிடும். தோலுக்கு அது வேணும். பசி அடங்க அது வேணும். மூளையில தண்ணிய எடுத்துட்டுப் பார்த்தா, பாதிக்கு மேல கொழுப்புதான்."

"அதான் வாத்தியாரு காலை மடக்கிட்டுப் போனாரு" என்றது பின்வரிசை.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றாள் மகிதலேனா.

"நடுவுல ஒருவாட்டி மாமாவுக்கு ரத்தம் பார்த்தேன். முன்னையவிட மோசம். வெறும் வாழைக்காயும் சர்க்கரையுமாத் தின்னா, உடம்பு அதையே கொழுப்பா மாத்தி ரத்தத்துல விட்டுடும். போன வெள்ளிக்கிழம மறுபடி பார்த்தேன், நல்லா எறங்கியிருக்கு. ஏன்னு எனக்கே புரியல. இப்பத்தான் தெரியுது. எல்லாக் கொழுப்பும் ஒண்ணு இல்ல. வேர்க்கடலை நல்லது, அவகாடோ நல்லது, ஏரிமீன் நல்லது. அப்புறம்..." கலூலி நிறுத்தினான். "அப்புறம் எங்க சொந்தக்காரங்களும் நல்லது. ஆனா அளவு அத்தை. பேசின் கணக்கு வேண்டாம். ஒரு கைப்பிடி. அவங்க குடும்பத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்."

துணிக்குள் பெரெபெத்துவா தலையாட்டினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, அவள் துணியை எடுக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கூட்டத்துக்கே கேட்டது.

மகிதலேனா எழுந்து நடுவில் வந்தாள். குடும்பத்துப் பெரியவள், வழக்கம் மீறினால் தண்டம் சொல்லவேண்டியவள்.

"பேசக் கூடாதவங்க பேசியாச்சு. மாப்பிள்ளை ஒரு பெட்டைக்கோழி குடுக்கணும். மாமியாரு கூப்பிட்டுச் சோறு போடணும், முகம் பார்க்காம. இன்னைக்கே. ஆறப்போட்டா நடுக்கம் நிச்சயம்." தம்பியைப் பார்த்தாள். "எண்ணெய் இல்லாத சோத்துக்கு நான் பொறுப்பில்ல."

பெரெபெத்துவா துணிக்குள்ளிருந்தே கேட்டாள். "மாப்பிள்ளைக்கு என்ன வைக்கட்டும்?"

"வேர்க்கடலைக் கொழம்பு அத்தை" என்றான் கலூலி. யோசிக்கவே இல்லை.

எல்லாத் தலையும் பொன்சியானோ பக்கம் திரும்பியது. அவன் சட்டியின் முன்னால் கோட்டோடு நின்றான். அடுப்பில் கரி அடங்கிக்கொண்டிருந்தது. பெரெபெத்துவாவுக்கு அவன் முகம் தெரியவில்லை, செருப்பு மட்டும் தெரிந்தது. வலது செருப்பு மண்ணை ஒருமுறை இழைத்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இப்போது சொல்லிவிடாதே என்று அவள் செருப்பைப் பார்த்து வேண்டிக்கொண்டாள்.

பொன்சியானோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு மருமகன் பக்கம் திரும்பினான். மண்ணில் முட்டிபோட்டிருந்த கலூலியின் சட்டையில் நடுப்பொத்தான் இரண்டு, வயிற்றைத் தாங்க முடியாமல், எந்த நிமிஷமும் தெறிக்கிற நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. பொன்சியானோ அவனை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தான்.

"கொஞ்சம் கூடவே இடி" என்றான் பெண்சாதியிடம். "மாப்பிள்ளை ரொம்ப எளைச்சுப் போயிருக்காரு."

கலூலி கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆமா மாமா" என்றான்.